டேப் ஒட்டிய நான்கு இடங்கள்

மச்சான்,

பக்கத்து வீட்டில் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். தின்னர் மணம் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், கடைசியில் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். மௌத்தாகி மண்ணுக்குள் போனவனுக்குக் கடிதமா என்று மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

தொண்ணூறுகளில் சாய்ந்தமருதில் நாம் இருவரும் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்க ஓடித்திரிந்த நேரம். கொழும்பிலிருந்து கொண்டுவந்த பழைய மெஷின். கடற்காற்றுக்கு இரண்டே மாதத்தில் பெட்டியெல்லாம் துரு. நீ உள்ளிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாயில் பரத்தி, வெறும் பெட்டியை முற்றத்தில் வைத்தாய். உள்ளே பவர் சப்ளையை ஸ்குரூவால் இறுக்கும் நான்கு இடத்திலும் டேப் ஒட்டினாய்.

"இதில பெயின்ற் படப்படாது மச்சான். எர்த் இதாலதான் போகும்" என்றுவிட்டு, உம்மாவைப் பார்க்கப் பொத்துவிலுக்குப் போனாய்.

எனக்குப் பொறுக்குமா? நான் தோணிக்காரன் மகன். உள்ளும் புறமும் ஒரு விரல் இடம் விடாமல் பூசினால்தான் எங்களுக்கு அது பூச்சு. வெறும் தகரம் தெரிந்தால் நாளைக்கே துரு ஏறும், இவனுக்கு என்ன தெரியும் என்று டேப்பை உரித்துவிட்டு இரண்டு கோட் அடித்தேன். காய்ந்ததும் உள்ளிருந்ததையெல்லாம் நானே திரும்பப் பூட்டியும் வைத்தேன். திரும்பி வந்து, பெயின்ற் அடித்த பிறகுதானே டேப்பைக் கழற்றினாய் என்று கேட்டாய். ஓம் என்றேன்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. முன்பக்க சுவிட்சுக்குப் போகும் வயரை நான் பூட்டும்போது நசுக்கியிருக்கிறேன்; கரண்ட் பெட்டிக்குப் பாய்ந்திருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அது நிலத்துக்கு இறங்கி, ஃபியூஸ் போவதோடு முடிந்திருக்கும். பெயின்ற் அதை மறித்துவிட்டது. நீ பெட்டியில் கை வைத்தாய், கரண்ட் அடித்துச் சுவரில் போய் விழுந்தாய். அடுத்ததாகத் தொட நின்றது ஒரு மருதமுனைப் பிள்ளை. யா அல்லாஹ்!

விறைத்த கையோடு பெட்டியைக் கழற்றினாய். ஸ்குரூவின் அடியில் பெயின்ற்றைக் கண்டாய். என் பக்கம் திரும்பவேயில்லை.

"எண்ட பிழைதான் பிள்ளையள். டேப்பச் சரியா ஒட்டல்ல" என்றாய்.

பிளேட்டால் சுரண்டத் தொடங்கினாய். அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஒன்றாகத் தேநீர் குடித்தோம்! நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, கோழை.

உன் ஜனாஸாத் தொழுகைக்கு முன் உன் மகன் எழுந்து நின்று, வாப்பா யாருக்கும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். பொறுத்தோம் என்றார்கள் எல்லோரும். அவர்களோடு சேர்ந்து நானும் சொன்னேன், மச்சான். கேட்க வேண்டியவன் நான், பொறுக்க வேண்டியவன் நீ. நீ சந்தூக்குப் பெட்டிக்குள் கிடந்தாய்.