விபூதிக்கு அடியில் ஒரு கோடு

25 செப்டம்பர் 1987, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மாலை இடி மட்டும். மழை ஆவடியோடு நின்றுவிட்டது போல.

வீட்டில் நான் கட்டிவரும் காருக்கு ரேடியேட்டர் ஹோஸ் மாற்றியாயிற்று. பழையது கையோடு வந்துவிட்டது. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கியது வேறு ஏதோ வண்டியுடையது. நுனியைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. மூன்று முறை அளந்து வெட்டினேன். வெட்டிய பிறகும் அளந்தேன்.

விசாலம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: ஆயுத பூஜை அன்று கார் பிள்ளையார் கோவில் வரை போய்வரும், பக்கத்து சீட்டில் அவள். என்னைக் கேட்கவில்லை. மேல்கூடு இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை என்றேன்.

"சீட் இருக்குல்ல? போதும்."

மனைவியிடம் மறுத்துப் பேசி ஜெயித்ததாக நினைவில்லை.

26, சனி

நாள் முழுக்க அதே கவலை. பழைய ஹெரால்டு காரின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, எட்டரை அங்குலம் குறைத்து ஒட்டியிருக்கிறோம். பத்திரிகைப் படத்தில் பார்த்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரின் நீளம் வர வேறு வழியில்லை. ஒட்டு தாங்குமா? கணக்கு தாங்கும் என்கிறது. கணக்குப் போட்டவன் நான்.

தொழிற்சாலையில் ஓய்வு பெறும் வரை வரைபடம் போட்டேன். வரைந்த எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. வி.யை உட்கார வைத்ததும் இல்லை.

ஒட்டிய வெல்டர் டேவிட், பாடி ஊரிலிருந்து வந்து பார்த்தான். இணைப்பைக் குதிகாலால் உதைத்தான். "யானையே ஏறி குந்தினாலும் ஒண்ணியும் ஆவாது சார். சும்மா பேஜார் பண்ணிக்காத."

யானை உட்காரும் இடம் இணைப்புக்குச் சற்றுப் பின்னால் என்று சொல்ல நினைத்தேன்.

28, திங்கள்

எஞ்சின் ஓடியது. புகை, ஆனால் ஓடியது. எதிர்வீட்டுக் கோதண்டம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவன் நின்றான்.

"இன்னா சார், ராக்கெட்டு எப்ப உடப்போற?"

"வியாழக்கிழமை."

"மேலயா, முன்னாலயா?"

நல்ல மனிதன். வாய்தான்.

செய்ய: பிரேக்கில் காற்று எடுக்க. வி. சீட்டுக்கு இன்னும் இரண்டு போல்ட். பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

30, புதன்

பூஜைக்காக சேசிஸ் முழுவதும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கை நாற்றம் போகவில்லை. சாப்பிடும்போது வி. மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"உனக்கா?"

"உங்களைக் கேட்டேன். எனக்கு எதுக்கு பயம்? ஓட்டறது நீங்கதானே."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா தெரியவில்லை.

1 அக்டோபர், வியாழன். ஆயுத பூஜை

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் படுக்க முடியாது.

பானெட் இல்லாததால் வி. சேசிஸின் மேலேயே விபூதியைப் பட்டையாக இழுத்தாள், இரு பக்கமும். சந்தனம், குங்குமம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். எஞ்சினைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். வாசலில் தெருவே நின்றது. வி. பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தலை நிறையப் பூ.

கடைசியாக ஒருமுறை சுற்றி வந்தேன். இடப்பக்க இணைப்பில், விபூதியின் நடுவே, மயிரிழை போல் கறுப்பாக ஒரு கோடு. விரலால் துடைத்தேன். தட்டிலிருந்து விபூதி எடுத்து மறுபடி தூவினேன். சற்று நேரத்தில் மறுபடி கோடு.

தொழிற்சாலையில் விரிசல் பார்ப்பது இப்படித்தான். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூள் தூவ வேண்டும். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே வந்து தூளை நனைக்கும். நேற்று நான் தடவினேன். இன்று அவள் விபூதி பூசினாள். இருவருக்கும் தெரியாமல் ஒரு சோதனை.

கோவில் கூப்பிடு தூரம். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. உண்மையாகவே அப்படி நினைத்தேன், சில நொடிகள். பிறகு அவள் காலடியில் தெரிந்த தரையைப் பார்த்தேன்.

"விசாலம், இறங்கு."

"என்னங்க?"

"இறங்கு."

கோதண்டம்: "இன்னா சார், அம்மா வெயிட்டு தாங்கலியா உன் வண்டி?"

தெரு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அவள் இறங்கி உள்ளே போனாள். யாரோ ஒரு அம்மாள், "நல்ல நாளும் அதுவுமா," என்றாள். காரணம் கேட்டவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

2, வெள்ளி

தேய்த்துப் பார்த்தேன். விரிசல்தான், தகட்டில் பாதி வரை. பிரேக் குழாய்க் கிளிப்புக்காகப் போட்ட துளையிலிருந்து கிளம்பி இணைப்பு வழியாக ஓடுகிறது. ஒட்டுக்கு அவ்வளவு அருகில் துளை போடக் கூடாது. போட்டது நான். டேவிட் மேல் குறை இல்லை.

வி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"விரிசல் விட்டது இருக்கட்டும். நீங்க ஏன் சிரிச்சீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள் என்பது பதில் ஆகாது.

3, சனி

தூறல். டேவிட் வந்து அந்தத் துண்டை வெட்டி எடுத்தான். புதுத் துண்டு வைத்து, பக்கத்துக்கொரு தகடு போட்டு ஒட்டினான்.

"இங்க ஓட்ட போட்டது யாரு சார்?"

"நான்தான்."

"உடு சார்."

வி. அவனுக்குக் காபி கொடுத்தாள். எனக்கும், டம்ளரை வைத்த சத்தத்தோடு.

4, ஞாயிறு

பால் பூத்துக்குப் போகும்போது வெட்டிய துண்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கோதண்டமும் தெரு ஆட்களும் வரிசையில். வீட்டில் நாலைந்து முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் வரவில்லை. துண்டை அவன் கையில் கொடுத்தேன்.

"அன்றைக்கு எடை காரணமில்லை. என் தப்பு. இந்தத் துளை நான் போட்டது. போயிருந்தால் அவள் காலடியில் உடைந்திருக்கும். நீ சொன்னபோது நானும் சிரித்தேன். அதுவும் தப்பு."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேனா, தெரியவில்லை. கோதண்டம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அய்ய, இத்த அன்னிக்கே சொல்லக்கூடாதா சார்? நான் ஒருத்தன் தமாசு பண்ணிகினு கீறேன். அம்மாகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு பயமா கீது."

எனக்கும்தான் என்றேன்.

நான் வீடு வந்து சேருமுன்பே பால் பூத்தில் நடந்தது வந்து சேர்ந்திருந்தது. வி. தட்டை எடுத்து வைத்தாள். தோசை முறுகலாக இருந்தது.

5, திங்கள்

சோதனை ஓட்டத்துக்கு அவள் சீட்டில் மணல்மூட்டை வைக்க வேண்டும். அவள் எடை எவ்வளவு என்று அவளிடமே கேட்டாக வேண்டும். இந்த வாரம் போய் இதைக் கேட்பதா? மத்தியானம் வரை தள்ளிப்போட்டுக் கேட்டேன்.

அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தினாள்.

"கணக்குல எவ்வளவு போட்டிருக்கீங்க?"

சொன்னேன்.

"அஞ்சு கிலோ கூடப் போடுங்க."

6, செவ்வாய்

வெயில். மூட்டைகளோடு கோவில் வரை போய்த் திரும்பினேன். முதல் கியர் மட்டும். மண்ணெண்ணெய், துடைப்பு, சாக்பீஸ் தூள். கோடு இல்லை. மறுபடி தூவினேன். இல்லை. மூன்றாம் முறைக்கு டப்பாவைத் திறந்தபோது வி. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுப் புடவைதான். கோதண்டம் எதிர் கேட்டில், வாயைத் திறக்காமல்.

"கோதண்டம், அந்த மூட்டைய இறக்கு."

இறக்கினான். ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு..."

"போங்கன்னா."

கிளச்சை விட்டேன். கோவில் வந்தது, போனது. நிறுத்தச் சொல்லவில்லை அவள். மேனாம்பேடு ரோடு வரை போய்விட்டோம். ஹார்ன் இன்னும் பொருத்தவில்லை. எதிரே சைக்கிள் வந்தபோதெல்லாம் எழுந்து நிற்காத குறையாக, "ஓரம்! ஓரம்!" என்று அவளே கத்திக்கொண்டு வந்தாள்.

காலையில் இணைப்பைப் பார்க்க வேண்டும்.