சாரிக்குச் சரிவராத குரல்

செவ்வாய், நோன்பு இருபத்தொன்று.

விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பதுதான் இனித் தொழில் என்று மருந்துக்கடை வேலையை விட்டு இரண்டு மாதமாகிறது. முதல் வேலை இன்றுதான் கிடைக்க இருந்தது. பெருநாள் சாரி விளம்பரத்துக்காக நான் பதிந்துகொண்டு போனதை, கல்முனைப் புடவைக்கடை முதலாளி கடை ஸ்பீக்கரிலேயே போடச் சொன்னார்.

"ஓர் அன்பான அறிவித்தல்" என்று என் குரல் வந்ததும் கடையே அமைதியாகிவிட்டது. சாரியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உம்மா கையை எடுத்தார்.

"இன்னாலில்லாஹி... ஆரு மவுத்து?"

ஊரில் யாராவது இறந்தால் பள்ளிவாசல் மைக்கில் ஜனாஸா அறிவித்தல் சொல்வதும் நான்தான். அதைக் கேட்டுத்தான், "ஒங்கட குரல் ரேடியோவுல வரணும்" என்று ஊரில் சொன்னார்கள். அதை நம்பித்தான் வேலையை விட்டேன்.

முதலாளி சிரிக்கவில்லை. "நல்ல குரல் தம்பி. ஆனா சாரிக்குச் சரிவராது" என்றார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து, வாயெல்லாம் சிரிப்பாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பதிந்தேன். ஒன்பதாவது தடவை குரலில் கொஞ்சம் சந்தோசம் வந்தது. மனைவிகூட, "இது சாரிக் கடைதான்" என்றாள்.

இப்போது வேறு பயம். நாளைக்கு ஊரில் யாராவது மவுத்தாகி, நான் மைக்கைப் பிடிக்கும்போது இந்தக் குரல் வந்துவிட்டால்?