ஞாயிறுக்குள் லேக் போகணும்

ஆகஸ்ட் 4, திங்கள்

பகல் முழுக்க வெயில். ஸ்கூல் விடும்போது மட்டும் மழை. மழைக்கும் என்மேல்தான் காண்டு.

சர்வர் மறுபடி இழுத்தது, அதாவது லேக்: ஆட்டம் திணறி நின்று நின்று ஓடும். கம்ப்யூட்டர் ஆட்டத்தில் கோட்டைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த அசார் ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றுவிட்டான். அப்புறம் பார்த்தால் கீழே செத்துக் கிடக்கிறான். உடனே போன்.

“டேய் நவீனு, இது உன் வேலதான?”

“சத்தியமா இல்லடா. லேக்குடா.”

“போன மாசமும் இதத்தான சொன்ன?”

போன மாதம் என் வேலைதான். சர்வர் நம் கையில் இருக்கிறதே என்று எல்லாரையும் ஒரே கட்டளையில் உறையவைத்து, தலைக்குத் தலை பூசணிக்காய் மாட்டினேன். திருஷ்டி கழிந்தது. நம்பிக்கையும் சேர்ந்து கழிந்துவிட்டது.

சர்வர் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. அக்காவுக்கு ப்ளஸ் டூவில் ஸ்கூலில் கொடுத்த பழைய லேப்டாப். மூடி மூடியபடி அலமாரிமேல் கிடக்கிறது. கட்டை அடுக்கி ஊர் கட்டும் ஆட்டம் அதில் ஓட, மற்றவன்கள் அவரவர் வீட்டிலிருந்து உள்ளே வருவான்கள். நான் அப்பாவின் கம்ப்யூட்டரிலிருந்து.

ஞாயிறு மதியம் போட்டி. விருத்தாசலம் – பெண்ணாடம். பெண்ணாடத்துக் கேப்டன் வினோ, எங்கள் கிளாஸ், தினமும் பஸ்ஸில் வருகிறவன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அவனும் ஒரு சர்வர் போட்டிருக்கிறான். ஞாயிறும் இழுத்தால் எல்லாரும் அவன் சர்வருக்கு. க்ரூப்பில் ஓட்டுப் போட்டு முடிவாகிவிட்டது. அங்கே எனக்கு மட்டும் தடை. பூசணிக்காயை அவன் மறக்கவில்லை.

நீயும் போவியா என்று அசாரிடம் கேட்டேன். “பாப்போம்” என்றான். போவான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேக்காடு. கெமிஸ்ட்ரி டெஸ்ட், எழுதியது வரை சரி.

லேப்டாப்பின் பிராசசரை நோண்டினேன். மொத்தம் நாலு கோர், அதாவது நாலு மூளை. ஆட்டத்தின் பாரம் முழுக்க ஒன்றின் தலையில். மற்ற மூன்றும் ரோடு தோண்டும் இடத்தில் நிற்கிற ஆட்கள் மாதிரி, வேடிக்கை.

செய்தவை:
– பவர் செட்டிங்கில் பிராசசர் எப்போதும் முழு வேகம்.
– சர்வருக்கு முதல் மரியாதை. மற்ற புரோகிராமெல்லாம் வரிசையில் நிற்கட்டும்.
– அக்கா போட்டுவைத்த ஜாதக சாஃப்ட்வேர் நீக்கம். (சொல்லவில்லை. அவள் ஜாதகத்திலேயே தெரிந்திருக்கும்.)
– ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் தூரம் குறைப்பு. மலைக்குப் பதில் பனிமூட்டம். ஊட்டி என்று சமாளிக்கலாம்.

மூடியில் கை வைத்தால் சுடுகிறது. சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். கணக்கு சார் மதியம் முதல் பீரியடில் செய்வதுபோல.

சாயங்காலம் இழுத்தது.

ஆகஸ்ட் 6, புதன்

பின்பக்கம் கழற்றினேன். உள்ளே ஃபேனைக் காணோம், கொழுக்கட்டைதான் இருந்தது. எங்கள் தெருவில் வரிசையாகப் பீங்கான் பொம்மை செய்யும் யூனிட். காற்றில் வருகிற வெள்ளை மண் அத்தனையும் ஃபேனில் குடியேறிவிட்டது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பேப்பரில் கொட்டினேன்.

அம்மா எட்டிப் பார்த்து, “கோலமாவ ஏன்டா அதுக்குள்ள கொட்டி வச்ச?”

“கம்ப்யூட்டருக்குள்ள மார்கழிம்மா.”

முதுகில் ஒன்று விழுந்தது.

சூடு நன்றாக இறங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று க்ரூப்பில் நடனமாடும் மாட்டுப் படம் போட்டேன். போட்டு டீ குடித்து முடிப்பதற்குள் இழுத்தது. வினோ அதே மாட்டைப் படுத்த நிலையில் போட்டான். பெண்ணாடத்தான் பேச்சு அந்த ஊர்ச் சர்க்கரை ஆலை மாதிரி. இனிப்பு கொஞ்சம், புகை நிறைய.

ஆகஸ்ட் 7, வியாழன்

காற்று இல்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் பிடிபட்டது. ஆட்டம் இழுக்கிற சமயம் பார்த்து சீலிங் ஃபேன் சுணங்கியது. ட்யூப்லைட் கண்ணடித்தது. பக்கத்து யூனிட்டிலிருந்து ‘கடகட’ என்று சத்தம்.

யூனிட் கலியபெருமாள் மாமாவுடையது (இனிமேல் க.பெ. மாமா, கை வலிக்கிறது). பொம்மைக்குப் பூசுகிற பளபளப்பை அரைக்க ஒரு மெஷின் வைத்திருக்கிறார். பெரிய பீப்பாய், உள்ளே கூழாங்கல், கரண்ட்டில் சுற்றும். பெயர் பால் மில், இங்கிலீஷ் பால், பந்து. ஒரு சொட்டுப் பால் வராது. சாயங்காலம் ஓட்டுவார். நைசாகிவிட்டதா என்று நிறுத்தி நிறுத்தி விரலால் தேய்த்துப் பார்த்து, மறுபடி போடுவார். போடும்போதெல்லாம் தெருவுக்கே வோல்டேஜ் விழும்.

போய் நின்றேன்.

“மாமா, ஞாயித்துக்கிழம மதியம் மில்லு ஓட்டுவீங்களா?”

“ஏன்டா கேக்குற?”

“சும்மாதாங்க மாமா.”

“நீ சும்மா எதயும் கேக்க மாட்ட. கொலு ஆர்டரு தலைக்கு மேல கெடக்குது, ஓடும். பொம்ம கிட்ட மட்டும் வந்துராத.”

போன வருஷம் மகாலட்சுமி பொம்மை ஒன்றுக்கு மீசை வரைந்தேன். சுடுவதற்கு முன்னால் வரைந்ததால் சூளைக்குப் போய் அழியாத மீசையாகிவிட்டது. மாமாவும் இன்னும் அழிக்கவில்லை, மனதிலிருந்து.

ஆனால் இதில் ஒன்று இடித்தது. வோல்டேஜ் விழுவது கண் சிமிட்டும் நேரம். சர்வர் இழுப்பது நிமிஷக்கணக்கில். ஏன்?

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்துவைத்துக் காவல் காத்தேன். மில் போட்டார். அலமாரி ஓரத்தில் ‘டிக்’. ஸ்டெபிலைசர். பழைய ஃபிரிட்ஜோடு வந்தது. வோல்டேஜ் இறங்கினால் கரண்டைத் துண்டிக்கும். சரியானாலும் உடனே விடாது, ஃபிரிட்ஜுக்காகக் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் விடும். அதுவரை லேப்டாப் பேட்டரியில். பேட்டரிக்குப் போனதும் பிராசசர் பாதி வேகம்.

செட்டிங்கில் இரண்டு கட்டம்: ‘கரண்ட்டில்’, ‘பேட்டரியில்’. நான் மாற்றியது முதல் கட்டத்தை மட்டும். சொருகியே கிடக்கிற லேப்டாப்புக்கு இரண்டாவது கட்டத்தை எவன் பார்ப்பான்?

இன்னொன்று. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால், நூறு வோல்ட் வந்தாலே போதும் என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு ஸ்டெபிலைசரே வேண்டாம். போட்டது யார்? நான். எங்கள் தெருவில் எது வாங்கினாலும் முதலில் ஸ்டெபிலைசர், அப்புறம்தான் சாமிக்குக் காட்டுவது. மில் ஓடுகிற தெரு அப்படி. கை தன்னால் அதில் சொருகியிருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூறல். பேட்டரிக் கட்டமும் முழு வேகம். ஸ்டெபிலைசரைக் கழற்றிச் சார்ஜரை நேராகச் சுவரில் சொருகினேன். மில் இன்று லீவு, சோதிக்க முடியவில்லை.

ஸ்கூல் விட்டு பஸ் ஸ்டாண்டில் எல்லாரிடமும் விளக்கினேன். வாழ்க்கையிலேயே முதல் முறை ஜோக் இல்லாமல் பேசினேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தான்கள்.

“பொம்மைக்கு மண்ணு அரைச்சா உன் சர்வரு நிக்குதா?” என்றான் அசார். “நாளைக்கு எங்க வூட்டு ஆடு கத்துச்சு, அதான் நின்னுச்சும்ப.”

“இல்லடா, நெஜமா...”

வினோ மட்டும் சிரிக்கவில்லை. “அட்மின் பாஸ்வேர்ட என்கிட்ட குடு. நீ சாதா ஆளா வெளையாடு. உள்ள என்ன நடக்குதுன்னு நானே பாத்துக்கறேன்.”

அட்மின் என்றால் ஊரை அழிக்கலாம். முழுப் பரீட்சை லீவிலிருந்து அசாரும் நானும் கட்டிய கோட்டை, அகழி, என் பூசணித் தோட்டம், எல்லாம் ஒரு வரியில் போய்விடும். அவன் இடத்தில் நான் இருந்தால் அழித்திருப்பேன்.

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஃபுட்போர்டில் நின்ற வினோவிடம் பாஸ்வேர்டைச் சொன்னேன். அசார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குடுத்துட்டியாடா?”

“குடுத்துட்டேன்.”

பஸ் போனதும் கடைப் பக்கம் இழுத்துப் போனான். சமோசா வாங்கிக் கொடுத்தான். அசார் சமோசா வாங்கிக் கொடுத்ததே இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். ஊர் அப்படியே இருக்கிறது. வந்து வந்து பார்த்தேன். பூசணிகூட இருக்கிறது.

அக்கா ஹாஸ்டலிலிருந்து போன்: ஜாதக சாஃப்ட்வேர் எங்கே? லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அப்பா அலமாரிப் பக்கம் போய், “இத யார்ரா கழட்டுனது?”

“வேணாம்ப்பா. சார்ஜர்லயே போட்டிருக்குது.”

“அதுல ஆயிரம் போட்டிருப்பான். போனாக்க நீயா வாங்கித் தருவ?”

ஞாயிறு மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். பிரியாணி. போட்டி.

வினோ அட்மினாக உள்ளே வந்தான். என்னால் யாரையும் உறையவைக்க முடியாது, பறக்க முடியாது, வெறும் நவீன். முதல் பாதி வழவழவென்று ஓடியது. பெண்ணாடம் வடக்குச் சுவரை உடைத்துவிட்டான்கள். உள்ளே நானும் அசாரும் மட்டும்.

பக்கத்தில் ‘கடகட’. ஃபேன் சுணங்கியது. அலமாரியில் ‘டிக்’.

டிக்கா? கழற்றியதுதானே? ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டெபிலைசர் மறுபடி நடுவில். நான் குளிக்கப் போன நேரத்தில் அப்பா செய்த வேலை. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், “ஒரு சேஃப்டிக்குடா” என்றார், தலையைத் தூக்காமலே.

மூடியைத் திறந்தேன். பேட்டரியில் ஓடுகிறது. முழு வேகத்தில். ஆனால் பேட்டரி வயதானது, சதவீதம் மாடிப்படி இறங்குவதுபோல் இறங்குகிறது. இப்போது கை வைத்து ஏதாவது ஆடிப்போனால் மொத்தமும் அணைந்துவிடும். ஸ்டெபிலைசர் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு யோசிக்கிறது. “யோசிச்சது போதும், சொல்லித் தொலை” என்று அதைத் திட்டினேன். அப்பா தன்னைத்தான் என்று நினைத்து, “என்னடா?” என்றார். கம்ப்யூட்டரில் என் ஆளை எவனோ வெட்டிச் சாய்த்திருந்தான். அசார் ஹெட்செட்டில் கத்துகிறான்: “டேய் எங்கடா போன! வர்றாங்கடா!”

டிக். பச்சை.

ஓடி வருவதற்குள் கோட்டை போய்விட்டது. தோற்றோம். பெண்ணாடத்தான்கள் கொடியைச் சுற்றிக் குதித்தான்கள், ஒருத்தன்கூட அந்தரத்தில் நிற்கவில்லை.

அசார் க்ரூப்பில் போட்டான்: “கடைசில லேக்கு. இல்லன்னா நாங்கதான் ஜெயிச்சிருப்போம்.”

நான் டைப் அடித்து, அழித்தேன். லேக் இல்லை என்று நான் எழுதினால் நம்பவா போகிறான்கள்?

வினோதான் எழுதினான்: “லேக்கெல்லாம் இல்ல. நான் உள்ளருந்து பாத்துட்டேதான் இருந்தேன். உங்களுக்கு வெளையாடத் தெரில. அடுத்த வாரமும் இதே சர்வர்லதான்.”

அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து லேப்டாப்பின் வால்பேப்பராக வைத்துவிட்டேன். அதன் மூடியை யாரும் திறக்கப் போவதில்லை. பரவாயில்லை.