ஏழாம் விதிப்படி

சதுரங்கப்பட்டினம்,
23.7.2006

அன்பு மகன் பூபாலனுக்கு அப்பா சின்னையன் எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ வாங்கித் தந்த செல்போன் ஒன்பது நாளாக உன் மகள் ரூத்தின் பள்ளிக்கூடத்துப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அதனால்தான் நீ எத்தனை முறை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. மஸ்கட்டில் நீயும் மருமகளும் பயந்திருப்பீர்கள். பூத்துக்குப் போய்ப் பேசலாம் என்றாள் உன் அம்மா. அங்கே நின்றால் அவள் அழுவாள், விஷயம் பாதியில் நிற்கும். இது விவரமாக எழுத வேண்டிய சங்கதி.

ஜூன் மாதம் ஐந்தாம் வகுப்புக்குப் பன்னிரண்டு விதிகளை அச்சடித்து, வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். மற்ற வீடுகளில் படிக்காமலே போட்டு அனுப்பிவிட்டார்களாம். நான் உரமூட்டையில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்றவன். முப்பத்தெட்டு வயதில்தான் கைநாட்டை விட்டேன். படிக்காமல் எதிலும் போட மாட்டேன். ஒன்பதாம் விதி, படங்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து ஒட்ட வேண்டும் என்றது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, பிள்ளை கையால் வரைவாள் என்று பக்கத்தில் எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டேன். பிரதீபா டீச்சர் ஒத்துக்கொண்டார். மற்ற பதினொன்றும் எனக்குச் சம்மதம்.

அதில் ஏழாவது, செல்போன் கொண்டுவரக் கூடாது. பிடிபட்டால் தாயோ தந்தையோ நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்க வேண்டும் என்பது.

அப்பா செய்யும் வேலை பற்றிப் பத்து வரி எழுதிவரச் சொன்னார்கள். ரூத்துக்கு மூன்று வரிக்கு மேல் வரவில்லை. என்னைக் கேட்டாள். எனக்கும் அந்த மூன்றுதான் தெரியும். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு என்று, யாரிடமும் சொல்லாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு போய், இன்டர்வெல்லில் உனக்கு மிஸ்டு கால் கொடுத்திருக்கிறாள். நீ சாவகாசமாக, கணக்குப் பாடம் நடக்கும்போது கூப்பிட்டாய். போன முறை வந்தபோது நீயே ரிங்டோனாக வைத்துவிட்டுப் போன குத்துப்பாட்டு. வகுப்பே மேசையில் தாளம் போட்டதாம்.

திங்கட்கிழமை போனேன். டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சின்னப் பெண், இனிமேல் செய்ய மாட்டாள், எடுத்துக்கொண்டு போங்கள் பெரியவரே என்று போனை நீட்டினார். நான் கை நீட்டவில்லை. விதியில் தாத்தா என்று இல்லை, பெற்றவர்கள் வரும்வரை பூட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

“ரூல் போட்டவங்களே குடுக்கறாங்கோ, உனக்கு இன்னா பேஜாரு?” என்று கேட்ட உன் அம்மா, இரண்டு நாள் சோறு போட்டாள், பேச்சு இல்லை. ரூத் மட்டும் என் பக்கம்.

“வுடு ஆயா, அப்பத்தான் அப்பா வரும்” என்றாள்.

மீதி ஏழு வரிக்கு நோட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறாள். வீட்டுப்பாடத்தைப் பெரியவர்கள் எழுதித் தரக் கூடாது என்பது நான்காம் விதி. உன்னைக் கேட்டு அவளேதான் எழுத வேண்டும். டீச்சர் அரையாண்டுப் பரீட்சை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாய். பிறகு ஈஸ்டருக்கு என்றாய். எல்லாம் போனில் சொன்னது. எதிலும் உன்னிடம் நான் கையெழுத்து வாங்கி வைக்கவில்லை.

இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. நன்றாக இருங்கள். பேனா பள்ளிக்கூடத்திலேயே கொடுப்பார்கள். நீ வந்தால் போதும்.

இப்படிக்கு,
முழுதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்
உன் அப்பா,
சின்னையன்