டியூப் தீர்ந்துபோச்சு

அன்புள்ள பாப்பா,

அம்மா, உன் வேலையில் இப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டாய். எங்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது என்று சொல்லிவிட்டு உன் இருமலைப் பற்றி விசாரித்தேன், நீயும் விட்டுவிட்டாய். எனக்கு எதுவும் வாயில் வராது, எழுதினால்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். முதலில் முறைப்படி: இங்கே நாங்கள் மூவரும் நலம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, இருமாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இத்தனை அழுக்குச் சுவருக்கு நடுவிலா குடியிருந்தோம் என்று சனிக்கிழமை முழுக்கத் துணியும் வாளியுமாக அலைந்தார், எனக்கு லாபம். தம்பி கார் ஓட்டப் பழகுகிறான். சொல்லிக்கொடுப்பவர் அவனை வாசலில் இறக்கிவிட்டபின் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவனிடம் சொல்லவில்லை.

இனி உன் விஷயம். அந்த வாடிக்கையாளர் உன் முகத்துக்கு நேராக நம் இனத்தைப் பற்றி அப்படிப் பேசியது, கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் மேலிடத்துக்குப் புகார் எழுதியது, இப்போது அலுவலகமே உன்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவது, நீ அவர்களோடு மதியம் சாப்பிட உட்காருவதை நிறுத்தியது எல்லாம் சொன்னாய். கடைசியில், அவங்க நல்லவங்கன்னு காட்டிக்க நான்தான் கெடச்சேனா என்று கேட்டாய். ஏறக்குறைய அதே வார்த்தைகளை எங்கள் தேநீர் அறையில் கொஞ்ச நாள் முன்புதான் வேறொருத்தி வாயால் கேட்டிருந்தேன், பாப்பா. அதனால்தான் பேச்சை இருமலுக்கு மாற்றினேன்.

எங்கள் அறை உனக்குத் தெரியும், பள்ளி விடுமுறையில் வந்து மூலையில் உட்கார்ந்து படம் வரைவாய். மருத்துவமனையின் கீழ்த்தளம், ரத்தம் எடுக்கும் நான்கு நாற்காலிகள், டோக்கன் எண் பலகை. எந்த நாற்காலி காலியோ அங்கே அடுத்தவர் உட்கார வேண்டும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது, உனக்கு நான் சொன்னதேயில்லை. என் நாற்காலிக்கு வருகிறவர் என் கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், பிறகு மரியாதையாகவே, நான் அவங்ககிட்ட எடுத்துக்கறேனே என்று வேறு நாற்காலியைக் காட்டுவார். உடனே நான், டியூப் தீர்ந்துபோச்சு, எடுத்துட்டு வரேன் என்று எழுந்துகொள்வேன். எங்களில் வெளுத்த நிறமுள்ள ஒருவர் என் இடத்துக்கு வந்துவிடுவார். நான் படியேறி மேலே கிடங்குக்குப் போய் ரத்தம் பிடிக்கும் டியூப் ஒரு பெட்டியோடு திரும்பும்போது அந்த ஆள் பஞ்சை அழுத்திக்கொண்டு கிளம்பியிருப்பார். யாருக்கும் முகம் வாடாது. இதைக் கண்டுபிடித்தவர் நாங்கள் மீசை என்று கூப்பிடும் சகஊழியர், இந்த ஊர்க்காரர், நல்ல மனிதர். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் கழிப்பறையில் அழுதுவிட்டு வந்தபோது அவராக யோசித்துச் சொல்லிக்கொடுத்தது. எனக்கு அப்போது அது பெரிய உபகாரமாக இருந்தது. இப்போதும் அதைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை.

எனக்குப் பிறகு இரட்டையம்மா வந்தாள். இரட்டைப் பிள்ளைகள் பெற்றவள், வேறு கண்டத்துக்காரி, நம்மைவிட இரண்டு மடங்கு கறுப்பு, பத்து மடங்கு வாய். அவளும் டியூப் எடுக்கப் போவாள், போகிற வழியில் டீயும் குடித்துவிட்டு வருவாள். அவனுங்களுக்கு என் கை வேணாம், எனக்கு அவனுங்க ரத்தம் வேணாம், நடுவுல ஒரு டீ லாபம் என்பாள். பிறகு நெட்டை வந்தாள். இந்த ஊரிலேயே பல தலைமுறையாக இருக்கும் குடும்பம், பாலாய் வெளுத்த நிறம், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு காலை அவள் பஞ்சு தேடி அலமாரியைத் திறந்தாள். நாங்கள் தேவையில்லாமல் கொண்டுவந்து கொண்டுவந்து அடுக்கிய டியூப் பெட்டிகள் மொத்தமும் அவள் தலையில் சரிந்தன. தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டே, இவ்வளவு இருக்கறப்ப எதுக்கு தினம் தினம் தீர்ந்துபோச்சுன்னு ஓடறீங்க என்று கேட்டாள். நாங்களும் குனிந்து பெட்டிகளைப் பொறுக்கினோம். அவளாகப் புரிந்துகொண்டாள். அவள் காது சிவந்ததைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த வாரம், இஸ்திரி போட்ட சட்டையும் மெல்லிய குரலுமாக ஒருவர் வந்தார். இரட்டையம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் உட்காராமல் நின்று, நெட்டையைக் காட்டி, அவங்க முடிக்கட்டும், நான் இருக்கேன் என்றார். இரட்டையம்மா வழக்கம்போல டியூப் தீர்ந்துபோச்சு என்று எழுந்தாள். நெட்டை தன் கையிலிருந்த ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "டியூப் நிறையா இருக்கு. உக்காருங்க, அவங்க எடுப்பாங்க. என்கிட்டதான் வேணும்னா புது டோக்கன் வாங்கிட்டு கடைசியில வாங்க" என்றாள். அந்த மனிதர் சட்டைக்கையை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாலைக்குள் எழுத்தில் புகார் வந்துவிட்டது, ஊழியர் திமிராகப் பேசினார், சிகிச்சை மறுத்தார் என்று. நிரந்தரம் ஆகாதவள் மேல் அப்படி ஒரு புகார் உறுதியானால் வேலை போய்விடும். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் மட்டும்தான்.

இரட்டையம்மா நெட்டையைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்வாள் என்று நினைப்பாய். தேநீர் அறைக் கதவைச் சாத்திவிட்டு இரட்டையம்மா கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "நான் உன்னைக் கேட்டேனா? அத்தனை பேர் முன்னாடி என்னை நடுவுல நிக்கவெச்சு நீ நல்லவளாயிட்ட. இத்தனை நாளா நான் பொய் சொல்லிட்டு ஓடினவள்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு." நெட்டை, அதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா என்றாள். ஆமா, திரும்பிக்கோ, மத்தவங்க அதைத்தானே எனக்குச் செஞ்சாங்க என்றாள் இவள். மீசைக்கு வருத்தம் தாங்கவில்லை. நான் என்னவோ உங்களுக்குக் கெடுதல் பண்ணின மாதிரி ஆகிப்போச்சே என்று சர்க்கரை போட மறந்த டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் மூவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இதைப் பற்றியெல்லாம் எத்தனையோ புத்தகம் பேருந்தில் படித்திருக்கிறேன், அதில் ஒரு வரிகூட அப்போது உதவவில்லை. இவள் சொல்வதும் சரியாக இருந்தது, அவள் சொல்வதும் சரியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஊசி கொடு, பஞ்சு கொடு என்பதைக்கூட என் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள், நான் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தேன்.

விசாரணையை மேற்பார்வையாளர் அம்மா எங்கள் அறையிலேயே வைத்தார், வரிசை முடிந்த பிற்பகலில். நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், கைவைக்கும் பலகையில் கையை வைத்துக்கொண்டு. நெட்டை திமிராகப் பேசினாளா என்பதுதான் ஒரே கேள்வி. முதலில் இரட்டையம்மாவைக் கேட்டார். அவள் கோபம் இன்னும் ஆறவில்லை, ஒரு சின்ன 'ஆமாம்' போதும். அவள் எழுந்து நின்று சொன்னாள். "இவ என்னைக் கேக்காம எனக்காகப் பேசிட்டா. அதுக்கு எங்களுக்குள்ள சண்டை நடந்துக்கிட்டிருக்கு, இன்னும் முடியல, அதை உங்ககிட்ட கொண்டுவர மாட்டேன். அந்த ஆள்கிட்ட இவ சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல. அது நீங்க சொல்லியிருக்க வேண்டியது. நீங்க சொல்லல, இவ சொன்னா." சொல்லிவிட்டு நெட்டையின் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்துவிட்டாள். பாப்பா, எனக்குத் தெரிந்து இவ்வளவு நேர்மையாக யாரும் யாருக்காகவும் நின்றதில்லை. பிரியத்தால் நிற்பது எளிது. இவள் கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, அது ஒரு சொட்டுகூட நெட்டை மேல் சிந்தாமல் நின்றாள்.

மேற்பார்வையாளருக்கு டியூப் விஷயமே தெரியவில்லை. என்ன டியூப், எதுக்கு தீர்ந்துபோச்சு என்றார். மீசை விளக்க ஆரம்பித்தார். இவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நான்தான், யாராவது வேணாம்னு சொன்னா இவங்க எழுந்து மேல போயிடுவாங்க, போயிட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அத்தனை வருடத்தில் அதை முழுதாக வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் போலிருக்கிறது. பிறகு, டியூபுக்கு நான் மேல போயிருக்கணும், இல்லேன்னா வந்த ஆளை வெளிய அனுப்பியிருக்கணும், இவங்கள அனுப்பிட்டேன் என்றார். அறுபதை நெருங்குகிற மனிதர், தன்னுடைய நல்லெண்ணத்தைத் தானே திருப்பிப் பார்த்தார். அதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும். என் முறை வந்தபோது, இரட்டையம்மா சொன்னதுதான் எனக்கும், எனக்காகப் பேசுவதென்றால் என்னைக் கேட்டுவிட்டுப் பேசட்டும், ஆனால் பேசட்டும் என்றேன்.

முடிவைப் பிறகு சொல்கிறோம் என்று மேற்பார்வையாளர் போய்விட்டார். வெளியே படிக்கட்டில் நெட்டை இரட்டையம்மாவிடம், உன்னைக் கேட்டிருக்கணும் என்றாள். கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன் என்றாள் இவள். அப்போ என்று நெட்டை இழுக்க, அப்போ வேணாம்தான், அடுத்த தடவை கேளு, வேணும்னு சொன்னாலும் சொல்வேன் என்றாள். மறுநாளிலிருந்து நெட்டை கேட்டாள். யாராவது நாற்காலி மாற்றப் பார்த்தால் புருவத்தை உயர்த்துவாள், இவள் தலையை ஆட்டினால்தான் வாயைத் திறப்பாள். ஒருநாள் இவள், விடு விடு, இன்னைக்கு எனக்கு நெஜமாவே டீ வேணும் என்று எழுந்து போனாள். நான் சிரிப்பை அடக்க ஊசிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அதனால் பாப்பா, அந்தப் பெண்கள் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை, உன் கோபம் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்காமல் எப்படி எழுதினீர்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேள். ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் மேசையில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேள். தனியாக ஜன்னலோரம் சாப்பிடுவதால் அந்த வாடிக்கையாளருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பிடிவாதம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. இரட்டையம்மாவின் வாயில் கொஞ்சமாவது எங்கிருந்தாவது வரட்டும்.

எந்த ஊரில், எந்த மேசையில் உட்கார்ந்தாலும் உன் பக்கத்து நாற்காலியில் சண்டை போடத் தகுந்த ஒரு நல்ல ஆள் இருக்கட்டும், உடம்பும் மனமும் திடமாக இருக்கட்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். இருமலுக்கு மருத்துவரைப் பார். பார்த்தேன் என்று சொல்வதற்காக இல்லை, நிஜமாகவே போய்ப் பார்.

என்றும் உன்,
அம்மா

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன், அதற்குள் முடிவு வந்துவிட்டது. நெட்டையின் வேலையை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள், ஆனால் எங்கள் அறையில் இல்லை, பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரட்டையம்மா அன்றே தனக்கும் அங்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து போனார்கள். இப்போது பழையவர்களில் நானும் மீசையும் மட்டும். நேற்று ஒரு பெண்மணி என் நாற்காலியைப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றார். மீசை எழுந்து என் பக்கத்தில் வந்து, "நான் பேசட்டுமாம்மா?" என்று கேட்டார். பேசச் சொன்னேன்.