செஞ்சியில் ஊறும் படகு

அன்பும் மரியாதையும் கொண்ட அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

படகைப் பழுதுபார்க்க ஊருக்கு வர விடுப்பு கிடைக்காததால் நம் படகையே லாரியில் செஞ்சிக்கு வரவழைத்தேன் அல்லவா? உளுத்த பலகைகளை மாற்றி, இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியமும் வைத்து நானே அடைத்துவிட்டேன். பலகை உப்பி இறுகட்டும் என்று, நம் வழக்கப்படி டேங்கர் தண்ணீர் வாங்கிப் படகுக்குள் நிரப்பினேன். வீட்டுக்கார அம்மா சுந்தராம்பாள் ஓடி வந்தார்.

"இன்னா சார் இது? படகுன்னா தண்ணி வெளிய இருக்கணும். நீங்க உள்ள ஊத்திக்கினு இருக்கீங்க!"

மலையடிவாரத்தில் நின்றுகொண்டு அவருக்குப் படகுப் பாடம் நடத்தினேன்.

சில நாளில் கசிவு நின்றது. அதே வாரம் தெருக்குழாயும் நின்றது. காலையில் பார்த்தால் படகைச் சுற்றிக் குடங்கள். தண்ணீர் குறைந்ததும் தெருவே காசு போட்டு மறுபடி நிரப்பிவிட்டது. இரண்டு வருடமாக என் பெயரைக் கேட்காதவர்கள், இப்போது "சாப்டியா தம்பி?" என்கிறார்கள்.

"குழாய்ல தண்ணி வர்ற வரைக்கும் படகு போவக் கூடாது, தம்பி" என்கிறார் மளிகைக்கடை உத்திராபதி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் இது கடலில் இறங்காவிட்டால் நீங்கள் அடுத்தவர் படகில் கூலிக்குப் போக வேண்டும். அதையும் சொன்னேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை முக்கினார்.

நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள். கேட்க ஆள் இருக்கிறது.

யாரோ கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். பலகை இறுகிவிட்டது, எனக்கே தெரிகிறது. இருந்தாலும், இன்னும் ஒரு வாரம் ஊறட்டும் என்று ஒரு வரி எழுதுவீர்களா? தெருவுக்குக் காட்ட அல்ல, எனக்குத்தான்.

உங்கள் மகன்,
ஜெகதீஷ்