தூணுக்கு முன்னால் நீ நின்றாய்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் மரவேலிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அந்த வாடை சமையலறைக்குள் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்று வருடமாகிறது, அக்கா.

சனிக்கிழமைதோறும் நம் ஊர் சுகர் லேண்டிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் போவோமே, அந்த மரத் தேவாலயத்துக்கு. செக் நாட்டிலிருந்து வந்த விவசாயிகள் கட்டியது. பளிங்குக்கு வழியில்லாமல், பைன் மரத் தூண்களில் இறகைக் கொண்டு பளிங்கின் நரம்புகளை வரைந்திருந்தார்கள். உரிந்த இடங்களை ஆளிவிதை எண்ணெய் கலந்த வண்ணத்தால் நீ சீர்செய்வாய். நான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். போலிப் பளிங்கு என்று நான் கிண்டல் செய்தபோது, "போலி இல்லடி, ஆசைப்பட்ட பளிங்கு" என்றாய்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை மதியம் முன்பின் தெரியாத ஒரு ஆள் கோடரியோடு உள்ளே வந்தான். முந்தின மாதம்தான் அவன் மகனின் சவப்பெட்டி அந்தத் தேவாலயப் பீடத்தின் முன் இருந்ததாம். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் வெட்டில் மாதா சிலையின் தலை உருண்டது. அடுத்தது தூணில் இறங்க, மரம் சிம்பு சிம்பாய்த் தெறித்தது. நீ ஏணியிலிருந்து இறங்கி, தூணுக்கு முன்னால் போய் நின்றாய். அவன் கை நிற்கவில்லை. கோடரி உன் கழுத்தோரம் இறங்கியது. நீ வரைந்து முடித்திருந்த நரம்புகளின் மேல் உன் ரத்தம் அடித்தது.

பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி என் கைக்கு எப்படி வந்ததோ தெரியாது. அவன் தலையில் அடித்தேன். சுருண்டு விழுந்தான். மறுபடியும் அடித்தேன். எலும்பு நொறுங்குவது என் கைக்குத் தெரிந்தது.

தரையிலிருந்து நீ சொன்னாய்: "போதும்டி. அவன் விழுந்துட்டான்."

எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் ஓங்கி ஒரு அடி அடித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாய்.

அவன் பிழைத்துச் சிறைக்குப் போனான். ஊரார் என்னைத் தைரியசாலி என்றார்கள். அந்தக் கடைசி அடியைப் பற்றி இத்தனை நாளும் நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

போன வாரம் அவன் மனைவி தேவாலயத்துக்கு வந்திருந்தாள். கணவனுக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை என்றாள். அந்தக் கடைசி அடியையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். வெகுநேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

இறகு பிடிக்கப் பழகி, உன் தூணை நானே முடித்துவிட்டேன். நீ போதும் என்ற பிறகு விழுந்த அந்த ஒரு அடியை மட்டும் இறக்கிவைக்க இடம் தெரியவில்லை.